இறந்தோர் இடாப்பின் இருபத்து மூன்றாம் பெயர்

அனுப்புபவர்:
திருமதி அருள்நாயகி செல்வரட்ணம்,
ஷெப்பேர்ட் அவெனியூ கிழக்கு,
அஜின்கோர்ட், ஸ்காபரோ.

பெறுபவர்:
தலைவர் அவர்கள்,
சென். ஒஸ்வால்ட்ஸ் ஆண்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம்,
கனடாக் கிளை, ரொறன்ரோ.

விடயம்: உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று எவருக்கும் தெரியாத என் கணவரை உங்கள் சங்கம் இறந்தவராகப் பதிந்தமையும், அவர் பதில் சொன்ன பின்னரும் அப்பதிவைத் திருத்தாமையும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. யாழ்ப்பாணத்தில் உங்கள் கல்லூரியிலே படித்து, அங்கேயே பதினான்கு வருடம் கணிதம் படிப்பித்த திரு. சச்சிதானந்தன் செல்வரட்ணத்தின் மனைவி நான். அவர் 14.08.1990 அன்று காலை கொழும்புக்கென்று வீட்டிலிருந்து புறப்பட்டார். அங்கே போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. காணாமற்போனோர் பற்றிய விசாரணை ஆணைக்குழுவில் அவருடைய கோப்பை இன்றுவரை மூடவில்லை. நானும் மகள் துவாரகாவும் 1992 இல் இங்கு வந்தோம்.

2. கல்லூரியின் நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்கு, 19.10.1996 சனிக்கிழமை பிற்பகல் கோயில் மண்டபத்துக்கு வரும்படி, 'செல்வரட்ணம் குடும்பத்தினர்' என்று பெயர் எழுதி எங்களுக்கு அழைப்பிதழ் அனுப்பியிருந்தீர்கள். அவரை நினைத்து அழைத்திருக்கிறார்களே என்று சந்தோசப்பட்டேன். நல்ல சேலை உடுத்து, பொட்டு வைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்களை முன்வரிசையில் இருத்தினார்கள். அது இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒதுக்கிய வரிசை என்பதை எவரும் சொல்லவில்லை.

3. உங்கள் கல்லூரியின் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். எனக்கு அது அன்றுதான் தெரிய வந்தது. வகுப்பில் வரவு எடுப்பது போலவே இறந்தோர் இடாப்பை வாசிக்கிறீர்கள். ஒரு பெயர், பிறகு மௌனம், பிறகு சிவப்பு மையால் ஒரு கோடு. உபதலைவர் திரு. றொபேட் வாசித்தார். இருபத்து மூன்றாவதாக "செல்வரட்ணம், ச." என்றார். மகள் என் கையைப் பிடித்தாள். பேனை தாளில் படுவதற்கு முன்னர், பின்னாலே, கதவடியில் கோட்டுகள் கொழுவியிருந்த பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் "அச்சம்" என்றது. உரத்த குரல் இல்லை. கொஞ்சம் பிந்தி வந்தவர், நடக்கிற காரியத்தைக் குழப்பக்கூடாது என்று மெல்லச் சொன்னது போல இருந்தது. திரு. றொபேட்டின் கை நின்றது. பிறகு கோட்டைக் கீறிவிட்டு இருபத்து நான்காம் பெயரை வாசித்தார். தேநீர் நேரத்தில் எல்லோரும் மட்டன் றோல்ஸ் நன்றாயிருக்கிறதென்றே பேசிக்கொண்டார்கள்.

4. அந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும். கலியாணம் முடித்த நாள் முதல், குசினியிலிருந்து நான் "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டால் அவர் "அச்சம்" என்றுதான் பதில் சொல்லுவார். பெண்சாதிக்குப் பயந்தவன் என்று பகிடி பண்ணுகிறார் என நினைத்தேன். விருந்தாளிகள் இருக்கும்போதும் சொல்லுவார். பதினொரு வருடம் இதற்காக அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். அவர் சிரிப்பாரே தவிர விளக்கம் சொன்னதில்லை. விழாவில் நீங்கள் தந்த ஆண்டு மலரின் 14 ஆம் பக்கத்தில், இளைப்பாறிய ஆசிரியர் திரு. இரத்தினவேல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் அதன் விளக்கம் இருக்கிறது. முதலாவது அதிபரான வண. பெம்பர்ட்டன் பாதிரியார், வரவு எடுக்கும்போது லத்தீன் மொழியில் 'அட்சும்' என்று பதில் சொல்லப் பழக்கினாராம். 'இங்கே இருக்கிறேன்' என்பது பொருள். எங்கள் பெடியன்களின் வாயில் அது 'அச்சம்' ஆயிற்றாம். ஐயா, இதை வாசித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

5. அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 1866 இல் கொலரா வந்து போன பின்னர், செத்துப்போனான் என்று எழுதப்பட்ட ஒரு மாணவனின் பெயரைத் தவறுதலாகக் கூப்பிட்டபோது, அவன் இருந்து படித்த வெறும் வாங்கிலிருந்து பதில் வந்ததாம். பாதிரியார் இடாப்பை மூடிவைத்து, "பதில் சொன்னவனின் பெயரில் சிவப்பு மை படக்கூடாது" என்று கட்டளை இட்டாராம். அந்தக் கட்டளை இன்றுவரை மாற்றப்படவில்லை என்று உங்கள் மலரே பெருமையாகச் சொல்கிறது. அந்தப் பிள்ளை பிறகு வந்தானா என்று எழுதவில்லை. திரு. இரத்தினவேலைத் தொலைபேசியில் கேட்டேன். "அது இடாப்பிலை இல்லைப் பிள்ளை. ஆனா அந்த வாங்கை ஒருத்தரும் இடத்தைவிட்டு அரக்கேல்லை" என்றார்.

6. செயலாளர் திரு. யோசப்பிடம் முறையிட்டேன். "அக்கா, ஆறு வருசமாச்சுது. வாற ஆளெண்டால் இவ்வளவுக்கு வந்திருக்கும்" என்றார். செயற்குழுவில் எடுத்த தீர்மானம் என்று கூட்டறிக்கையையும் காட்டினார். முன்மொழிந்தவர் யோசப், வழிமொழிந்தவர் றொபேட், ஏகமனதாக நிறைவேறியது. ஒரு மனிசனைக் கை உயர்த்திச் சாகடிக்கலாம் என்று உங்கள் சங்க யாப்பு விதிகளில் எந்தப் பிரிவு சொல்கிறது?

7. மண்டபத்தில் அந்தக் குரலை எழுப்பியது நானே என்றும் ஒரு கதை உலாவுகிறது. விழாவின் வீடியோ கசெற் என்னிடம் இருக்கிறது. அதில் நான் முன்வரிசையில் வாய் மூடியபடி இருக்கிறேன். அந்தக் குரலும் அதில் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் றொபேட்டின் பேனை நிற்பதும், மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் திரும்புவதும் தெளிவாகத் தெரிகிறது. ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் இத்தனை பேரும் எதற்குத் திரும்பினார்கள்? நீங்களும் திரும்பினீர்கள், ஐயா.

8. அந்த இடாப்பிலுள்ள பெயர்களைப் பித்தளைத் தகட்டில் வெட்டி, கல்லூரிச் சிற்றாலயச் சுவரில் பதிக்க ஊருக்கு அனுப்பப் போவதாக அறிகிறேன். தாளில் கீறியதைத் திருத்தலாம், தகட்டில் வெட்டியதை என்ன செய்வது? இப்போதே சொந்தக்காரர் அந்தியேட்டிக் கிரியை எப்போது என்று கேட்கிறார்கள். என் பொட்டைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறார்கள். "உன்ரை அப்பா செத்திட்டாரெண்டு புத்தகத்திலை இருக்கு" என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை துவாரகாவிடம் சொல்லியிருக்கிறது.

ஆகவே, தகடு வெட்டுவதற்கு முன்னர் அவருடைய பெயரை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். உங்கள் முதலாவது அதிபரின் கட்டளைப்படி, 19.10.1996 அன்று அவர் வரவு என இடாப்பில் பதிய வேண்டும். 15.12.1996 அன்று நடைபெறும் பொதுக்கூட்டத்தில், உயிரோடிருக்கும் அங்கத்தவர்களின் வரிசையில் அவர் பெயரை நீங்களே கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் அடுத்த பெயருக்குப் போய்விடாமல் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கதவடியில் ஒரு கதிரை போட்டால் நல்லது.

இதை வீட்டிலேயே நான் செய்யலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். அந்தப் பக்கத்தை வாசித்த நாள் முதல், குசினியில் நிற்கும்போது "இஞ்சேருங்கோ" என்ற சொல் என் வாய் வரைக்கும் வருகிறது. பதில் வராவிட்டால் உங்கள் இடாப்பு சரியென்று ஆகிவிடும். வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட எனக்கு அச்சமாக இருக்கிறது. இந்தச் சொல்லை எல்லோரும் எழுதும் பொருளிலேயே எழுதுகிறேன். அதனால்தான் உங்களைக் கூப்பிடச் சொல்லிக் கேட்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) அருள்நாயகி செல்வரட்ணம்

இடம்: அஜின்கோர்ட்
திகதி: 25.11.1996

இணைப்பு: ஆண்டு மலரின் 14 ஆம் பக்கப் பிரதி, வீடியோ கசெற் ஒன்று.