பாட்டில் கழுத்தில் கட்டிய நூல்

என் சாமுக்கண்ணு,

நீ இருக்கிற இடத்தில் கடிதம் வாசிக்க விடுவார்களோ என்னமோ. விடாவிட்டாலும் சரி. இதை நம்ம சபை மடலில் போடச் சொல்லிப் போதகரிடம் கொடுத்திருக்கிறேன். உன்னை நான் தலைகுனிய வைத்தது சபைக்கு முன்னால். இப்போது கல்லறைக்கு வந்து உன் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது என்ன நியாயம்?

அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுத்து. கொம்பு, கால் விட்டுப்போயிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். என் பேத்தி திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். காலேஜில் படிக்கிற பிள்ளை. அழகாக்கித் தருகிறேன் என்று என் தப்பையும் சேர்த்துத் துடைத்துப்போடும்.

உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு நம் கிணத்துக்கடவு கோயிலில் திருவிருந்து, அப்பமும் ரசமும் கொடுக்கிற ஆராதனை. அதற்கு வேண்டிய திராட்சை ரசம் இருபது வருஷமாக என் அடுப்பில்தான் காய்கிறது. சனிக்கிழமை பன்னீர் திராட்சையைக் கழுவி, சர்க்கரை போட்டுக் காய்ச்சி, வெள்ளைத் துணியில் வடிப்பேன். பாட்டிலைச் சுடுதண்ணீரில் குளிப்பாட்டி, கொதிக்கக் கொதிக்கக் கழுத்து வரைக்கும் ஊற்றி மூடிவிடுவேன். சூட்டோடு மூடினால்தான் கெடாது, புளிக்காது. போதகர் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டும்போது எல்லாரும் கண்ணை மூடுவார்கள். நான் மூடமாட்டேன். என் ரசத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ மோட்டார் காயில் கட்டுகிறவன். இங்கிருந்து பொள்ளாச்சி வரைக்கும் உன் கை படாத போர் மோட்டார் குறைவு. வேலைக்காரன் என்று பேர் எடுத்தாய், குடிகாரன் என்றும் எடுத்தாய். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் தொடமாட்டாய். ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் தாங்கமாட்டாய். ஒவ்வொரு ஜெபக்கூட்டத்திலும் முதல் ஆளாய்க் கையைத் தூக்கி அழுவாய். "ஏனுங்கக்கா, உங்க தம்பி இந்தவாட்டி எத்தன நாளைக்குங்க?" என்று சபை மாதர் சங்கத்துப் பெண்கள் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உன் கண்ணில் தண்ணீர் வருகிறதா, சும்மா துடைக்கிறாயா என்று பார்ப்பேன்.

ஒருமுறை உன்னிடமே கேட்டேன், இது எத்தனையாவது மனந்திரும்புதல் என்று. நீ கோபப்படவில்லை. "எண்ணுறது நீங்கதாங்கக்கா. இயேசப்பா எண்ணுற மாதிரித் தெரியல" என்றாய். வாய் மட்டும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒருதரம் நீ ஏழு மாசம் தொடாமல் இருந்தாய். சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். சந்தேகம்தான் பட்டேன். ஏழு மாசம் ஒருத்தன் சும்மா இருக்கிறான் என்றால் எங்கேயோ ஒளித்துக் குடிக்கிறான் என்று தோன்றியது. உன் பொண்டாட்டி கிரேஸ், அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அந்தியூர் போயிருந்தாள். அந்த வாரம் உனக்குச் சாப்பாடும் படுக்கையும் நம் வீட்டில். உன் சட்டையைத் துவைக்கும் முன்னால் மோந்து பார்ப்பேன். சோப்பு வாசம் வந்தால் அதுவும் சந்தேகம், எதை மறைக்கச் சோப்புப் போட்டுக் குளித்தானோ என்று.

சனிக்கிழமை ரசத்தை ஊற்றி முடித்ததும், ரசம் நிற்கிற மட்டத்தில் பாட்டில் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளை நூல் கட்டினேன். அதுவரைக்கும் கட்டினதில்லை. வீட்டில் நீ இருந்தாய், அதனால் கட்டினேன். விடிந்து பார்த்தால் ரசம் நூலுக்கு ரெண்டு விரற்கடை கீழே நின்றது.

உன்னை எழுப்பிக் கேட்டேன். நீ சிரித்துவிட்டாய். "அந்தச் சக்கரைத் தண்ணியக் குடிச்சு எனக்கு என்னாகப் போவுதுங்கக்கா?" என்றாய். சர்க்கரை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று மடக்கினேன். மாதாமாதம் பீடத்தில் முழங்கால் போட்டு வாங்குகிறவனுக்கு அதன் ருசி தெரியாதா? அது எனக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை பார்.

ஆராதனைக்கு முன்னால் போதகரைப் பார்த்து, கர்த்தருடைய ரசத்திலேயே என் தம்பி கை வைத்துவிட்டான் என்று சொல்லிப்போட்டேன். அப்போது இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், அவர்மேல் குறையில்லை. பதினஞ்சு வருஷம் ரசம் காய்ச்சுகிறவள் சொல்கிறாள், நம்பினார். நீ எப்போதும்போல இடதுகைப் பக்கம் கடைசியில் முழங்கால் போட்டு, ரெண்டு கையையும் குவித்து நீட்டியிருந்தாய். உனக்கு முன்னால் இருந்தவருக்குப் போதகர் அப்பத்தைக் கொடுத்தார். குனிந்து உன் காதில் ஏதோ சொன்னார். உன்னைத் தாண்டிப் போய்விட்டார். நீட்டின கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு எழுந்து, நடுப்பாதையில் எல்லாரும் பார்க்க நடந்து, கதவோரம் இருக்கிற பெஞ்சில் போய் உட்கார்ந்தாய். உன் காதில் அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

அந்த வாரமே திரும்பவும் குடிக்கத் தொடங்கினாய். "பார்த்தீங்களா, நான் சொல்லல?" என்று ஒருத்தர் விடாமல் சொன்னேன். அதற்கப்புறம் ரசத்தைக் காய்ச்சின கையோடு சாயங்காலமே போதகர் வீட்டில் கொடுத்துவிடுவேன். நூல் கட்டவில்லை. திருடன் கிடைத்தாகிவிட்டது, பிறகு நூல் எதற்கு?

மூன்று வருஷம் நீ கோயிலுக்கு வந்தாலும் கதவோரப் பெஞ்சோடு சரி, பீடத்துப் பக்கம் வரவில்லை. மஞ்சள் காமாலை முற்றிக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, போதகரைக் கூட்டிவரட்டுமா, திருவிருந்து வாங்குகிறாயா என்று கேட்டேன். "அவரைச் சங்கடப்படுத்த வேண்டாங்கக்கா. இயேசப்பாவுக்கு என்னையத் தெரியும்" என்றாய். சாகக் கிடக்கிற குடிகாரனுக்கு எத்தனை தைரியம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். நீ போய் ரெண்டு வருஷம் ஆகிறது.

இனி இப்போதைய சங்கதி. போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு ஆள் வந்தார். கண் சிவந்திருந்தது. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று நினைக்கிற மனசா எனக்கு? அது முதல் ஞாயிறுக்கு முந்தின நாள். போதகர் ஊரில் இல்லை, ரசத்தைக் காலையில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அஞ்சு வருஷத்துக்கப்புறம் பாட்டில் கழுத்தில் நூல் கட்டினேன். பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். காலையில் திறந்தால் ரசம் ரெண்டு விரற்கடை கீழே.

சாமு, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. முதலில் மருமகள்மேல்தான் சந்தேகம் வந்தது, மாற்றுச்சாவி வைத்திருக்கிறாளோ என்று. அவள் ஒரு வாரமாக ஊரிலேயே இல்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. அதற்குப் பிறகுதான் நீ நினைவுக்கு வந்தாய்.

திங்கட்கிழமை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதே பாட்டிலில் ஊற்றி, நூல் கட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கண்ணை எடுக்கவில்லை. யாரும் தொடவில்லை. மூடி திறக்கவில்லை. என் கண் முன்னாலேயே தண்ணீர் நூலை விட்டுக் கீழே இறங்கியது. பேத்தி வந்து என்ன பார்க்கிறீர்கள் என்றாள். சொன்னேன். "சூடு ஆறினாச் சுருங்குமுங்க அம்மிச்சி. கழுத்து ஒடுக்கமா இருக்கறதால அத்தன தெரியுது. எட்டாவதுல படிக்கற பாடமுங்க" என்று சிரித்தாள். நான் அஞ்சாவது. உன் நியாயம் மூன்று வகுப்பு தள்ளி இருந்திருக்கிறது.

போதகரிடம் போய் அழுதேன். இவர் சின்ன வயசுக்காரர். "இயேசு மன்னிச்சுட்டாரும்மா, நீங்க நிம்மதியாத் திருவிருந்துக்கு வாங்க" என்றார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேகத்தில் சொல்லிவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அத்தனை லேசா? உன் ஏழு மாசம், அதற்குப் பின்னால் மூன்று வருஷம், எல்லாம் ஒரே வார்த்தையில் போய்விடுமா? அப்படிப் போகும் என்றால் அந்த இரக்கத்திலேயே ஏதோ ஓட்டை இருக்க வேண்டும் என்று தோன்றியது.

பேதுருவை நினைத்துப் பார்த்தேன். இயேசுவைத் தெரியாது, தெரியாது என்று மூணு தரம் சொன்னவன். அவனுக்குக் கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக் காத்திருந்தாரே, ஏண்டா அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்மேல் அன்பா என்றுதான் கேட்டார். நானாக இருந்தால் மீனைக் கண்ணில் காட்டுவதற்கு முன்னால் கேட்டிருப்பேன். அப்புறம் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். அவன் என்ன செய்யப்போகிறான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்பத்தைத் தோய்த்து அவன் கையில் கொடுத்தார். எனக்கு ஒன்றும் தெரியாது. வெறும் சந்தேகம். தெரிந்தவர் கொடுத்தார். தெரியாத நான் தடுத்துப்போட்டேன்.

மூன்று பஸ் மாறி, கிரேஸ் இப்போது இருக்கிற அந்தியூர் தாய்வீட்டுக்குப் போனேன். கிரேஸ் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கதவடைப்பாள் என்று நினைத்தேன். "வாங்க நங்கை" என்று பழையபடி நாத்தனார் முறை சொல்லி உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பாட்டில் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவள் முகம் மாறவே இல்லை.

"தெரியுமுங்க நங்கை. அன்னைக்குச் சாயங்காலமே போன்ல சொன்னாருங்க. அக்கா சுடச்சுட ஊத்தி நூல் கட்டியிருக்கும், ஆறினா எறங்கத்தான செய்யும்னு."

தெரிந்துமா என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"நானும் அதைத்தான் கேட்டனுங்க. சொல்லிப்போட்டா அக்கா அந்தக் கோயில்ல எப்படித் தலை நிமுந்து நிக்கும், அதுக்குன்னு இருக்கறது அந்தப் பாட்டல் ஒண்ணுதான, அதையும் புடுங்கோணுமான்னாருங்க."

நான் அவள் கையைப் பிடித்து மன்னிக்கச் சொன்னேன். கையை உருவிக்கொள்ளவில்லை. "அவரு உங்கள மன்னிச்சுத்தான் போனாருங்க. என்னால இன்னும் ஆகலீங்க. பொய் சொல்லக்கூடாதில்லீங்க" என்றாள். போதகர் சொன்னதைவிட அந்த வார்த்தையில் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆனாலும் பஸ்ஸில் திரும்பும்போதே பழைய புத்தி. கிரேஸ் என்னைத் தேற்றுவதற்காக இட்டுக்கட்டினாளோ? நீ நிஜமாகவே என்னைக் காப்பாற்றினாயா, இல்லை, இவளிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று அலுத்துப்போய் விட்டுவிட்டாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

இந்த மாத முதல் ஞாயிறு ரசம் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, கதவோரம் உன் பெஞ்சில் உட்கார்ந்தேன். பீடத்துக்கு எழுந்து போகவில்லை. அங்கிருந்து பார்த்தால் செருப்புகள் தெரிகின்றன, எல்லார் முதுகும் தெரிகிறது. பாத்திரம் சின்னதாகத் தெரிகிறது, ரசத்தின் நிறம் தெரியவில்லை. மூன்று வருஷம் அத்தனை தூரத்திலிருந்தா பார்த்தாய், கண்ணு? கதவு பக்கத்திலேயே இருக்கிறது. எழுந்து வெளியே போயிருக்கலாமே. குடித்த நாளுக்கு மறுநாள்கூட முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாயே, யாரைப் பார்க்க வந்தாய்?

அந்த ஒன்றை மட்டும் என்னால் சந்தேகப்பட முடியவில்லை. அங்கே உனக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. இயேசப்பாவை நம்பித்தான் வந்திருக்க வேண்டும்.

அதனால் ஒரு வார்த்தை தருகிறேன். இனி என் வீட்டில் எந்தப் பாட்டில் கழுத்திலும் நூல் ஏறாது. வருகிற முதல் ஞாயிறு, சபை இதைப் படித்திருக்கும். எல்லாரும் பார்க்க நடுப்பாதையில் நடந்து போய், இடதுகைப் பக்கம் கடைசியில், உன் இடத்தில் முழங்கால் போடுவேன். போதகர் என்னைத் தாண்டிப் போனால் நீ எழுந்து வந்த மாதிரி சத்தமில்லாமல் எழுந்து வருவேன். தாண்டாமல் நின்றால் வாங்கிக்கொள்வேன். என் சந்தேகம் அதற்குள் தீர்ந்திருக்காது. அதோடுதான் கையை நீட்டுவேன். இயேசப்பா எண்ணுகிறவர் இல்லை என்று நீதானே சொன்னாய்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தும் உன்னை அறியாதிருந்த அக்கா,
ஞானம்மாள்