விருந்தாளி வந்தபோது கழற்றிய காதுக் கருவி

வெள்ளி இரவு, புக்கிட் காத்தில் ஊரில்.

“காய்ச்சல் எனக்குத்தானே டீச்சர் வந்துச்சு, பிள்ளைக்கு ஏன் காது கேக்கல?” என்று பக்கத்து வீட்டுக் கவிதா முன்பு கேட்டாள். கர்ப்பத்தில் தாய்க்குத் தொற்றும் சில கிருமிகள் பிள்ளையின் காதையும் பாதிக்கலாம், உன் குற்றமில்லை என்றேன்.

இன்று நான் அவள் வீட்டில் இருந்தபோது பிள்ளை குக்கர் விசிலுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். வாசலில் யாரோ கூப்பிட்டதும் கவிதா அவன் காதுக் கருவியை அவசரமாகக் கழற்றினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்ப நானும் என் கண்ணாடியக் கழட்டிடவா?” என்றேன். சிரித்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

வந்தவர், “என்னாம்மா அது காதுல?” என்றார்.

“காதுக்குப் போடுற கண்ணாடிலா, ஆன்ட்டி!” என்றாள் கவிதா.

பிள்ளை குரல் வந்த பக்கம் திரும்பினான். கேட்கிறவனுக்குப் பேச்சும் வரும்.

நாளை அவளிடம் சொல்ல வேண்டும்: யார் வந்தாலும் முதலில் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடு, கருவியோடு அவன் திரும்பிப் பார்க்கட்டும், பிறகு கதவைத் திற.