பதினேழாம் கேள்விக்கு ஒரு ஆட்சேபணை

திங்கள்

விடிந்ததிலிருந்து பனி. பத்து மணி வரைக்கும் எதிரே இருக்கும் மிளகுக் கொடிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

சங்கத்தில் பரீட்சை மதிப்பெண் ஒட்டிவிட்டார்கள். மலைப் பயிர் விற்பனைச் சங்கத்தில் எழுத்தர் வேலை, ஒரே ஒரு இடம். எழுதியவர்கள் எல்லாம் மலைக்காரர்கள்தான். எங்கள் வீட்டிலிருந்தே இரண்டு பேர், நானும் நாத்தனார் மல்லிகாவும். சங்கம் இருக்கும் கடைவீதிக்கு நடந்தே போனோம்.

மல்லிகா முதல். நான் இரண்டாவது. ஒரு மதிப்பெண்தான் வித்தியாசம். மூன்றாவதாக மலையில் அந்தப் பக்கத்து ஆலத்தூர் நாட்டுக்காரர் ஒருவர், வெகு கீழே.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. நிஜமாகவே. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. புருஷனோடு ஒத்துவராமல் ராசிபுரத்திலிருந்து மகள் தாரணியைத் தூக்கிக்கொண்டு வந்தவள். வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு டம்ளரைக்கூடச் சத்தமாக வைக்காமல் நடக்கிறாள். அவளுக்குத்தான் இது வேண்டும். அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பி வரும்போது நெஞ்சு எரிந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் இருக்கும்.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே விடைக்குறிப்பும் ஒட்டியிருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. விடையில் ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கலாமாம்.

செவ்வாய்

வெயில் லேசாக. மிளகு காயப் போட்டாயிற்று. அத்தைக்கு முழங்கால் வலி, தைலம் வாங்க வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கி விடைகளைச் சரிபார்த்தேன். கணக்கு, பொது அறிவு எல்லாம் ஒழுங்கு. இங்கிலீஷில் பெயரடைப் பிழை கண்டுபிடிக்கும் பகுதி. நானும் மல்லிகாவும் ஒரு மாதமாக அடுப்படியில் உட்கார்ந்து உருப்போட்டது.

more better — better போதும். சரி.
senior than — senior to. சரி.
less people — fewer. சரி.
these kind — this kind. சரி.

கே. 17. Of the two roads, this is the shorter. இதில் பிழை எந்தப் பகுதியில்? பிழை இல்லையென்றால் அப்படிக் குறிக்க வேண்டும்.

நான் 'பிழை இல்லை' என்று குறித்தேன். விடைக்குறிப்பு the shorter பிழை என்கிறது, the shortest என்று வர வேண்டுமாம்.

அது எப்படி? சாலை இரண்டுதான். இரண்டுக்குள் ஒப்பிட்டால் shorter. அந்த இரண்டில் இன்னதென்று குறித்துச் சொல்வதால் முன்னால் the. மூன்றுக்கு மேல் இருந்தால்தான் shortest. இலக்கணப் புத்தகத்தைத் திறந்தேன். அதேதான் போட்டிருக்கிறது. மூடினேன். மறுபடி திறந்தேன். அதேதான்.

மல்லிகா the shorter தப்பு என்று குறித்தவள். பரீட்சை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதே சொன்னாள்.

அப்படியானால் விடையைத் திருத்தினால் எனக்கு ஒன்று கூடும், அவளுக்கு ஒன்று குறையும். நான் முதல்.

இதை எழுதிவிட்டு வெளியே போய் மிளகைக் கிளறிவிட்டு வந்தேன். கிளறத் தேவையே இல்லை, போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். டெம்போவில் மரவள்ளி ஏற்றிக்கொண்டு மலைக்குக் கீழே போய்விட்டுக் களைத்து வந்திருந்தார். முழுசும் கேட்டார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் வாயைத் திறந்தார். "நீ குடுத்தாலும் குடுக்காட்டியும் ரெண்டு பேரும் இந்த ஊட்டுலதான் இருக்கோணும். அத நெனச்சுக்க."

கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை.

புதன்

மறுபடி பனி. மிளகு பறிக்க ஆள் வரவில்லை, நானும் மல்லிகாவும்தான். அவள் ஏணியில், நான் கீழே பிடித்துக்கொண்டு. மேலேயிருந்து எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை. சங்கத்துக்குப் பின்னால் எழுத்தருக்கு ஒரு அறை தருவார்களாம், தாரணிக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்றாள். அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்.

மத்தியானம் தைலம் வாங்கப் போனேன். அருவிக்குப் போகிற ரோட்டில் புதிதாகத் தேன் கடை. பலகையில் Most Purest Honey. பக்கத்து லாட்ஜில் More Cheaper Rooms. கண்ணில் பட்டதையெல்லாம் மனசு திருத்துகிறது. நிறுத்த முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சரைப் பார்த்தேன். கேள்வியை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். எதற்கு என்று சொல்லவில்லை. பார்த்த உடனே பிழை இல்லை என்றார். ஒருவேளை shortest என்றும் சொல்லலாமோ என்று கேட்டேன். "பேச்சுல சிலர் சொல்லுவாங்க. பரீட்சைல அதான் தப்பு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சங்கத்துப் பரீட்சை விஷயம் என்றால் தன் பெயரை இழுக்க வேண்டாம் என்றார். சரி என்றேன்.

என் விடை தப்பு என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்றுதான் போனேன் போலிருக்கிறது.

யோசித்துப் பார்க்கிறேன். பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணம். பையன் பிறந்து, அவன் நாமக்கல் விடுதிக்குப் படிக்கப் போன பிறகு தபாலில் பட்டம். எழுதிய பரீட்சை எத்தனையோ. எல்லாவற்றிலும் வேலை பக்கத்தில் வந்து நழுவிப் போனது. வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இதற்கு மேல் எழுதவே விடமாட்டார்கள்.

சரியான விடைக்காகக் கேட்கிறேனா, வேலைக்காகக் கேட்கிறேனா? இரண்டுக்கும். எது அதிகம் என்று எழுத வரவில்லை.

வியாழன்

தூறல். காய்கிற மிளகை அவசரமாக அள்ளி உள்ளே போட்டோம். அப்போதுதான் சொன்னேன். இன்றைக்கு விட்டால் நாளைக்குச் சொல்லாமலே கொடுத்துவிடுவேன் என்று பயம்.

சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பதினேழாம் கேள்வி என்றதுமே சாக்கின் வாயை முறுக்க ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியுங்க அண்ணி."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"ஒட்டியிருந்ததப் பாத்த அன்னைக்கே. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, ரெண்டுன்னா இப்படி, மூணுன்னா அப்படின்னு. அங்க உக்காந்தப்ப the-யப் பாத்ததும் கை மாத்திப் போட்டுருச்சுங்க. வெளிய வந்ததும் தப்புன்னு தெரிஞ்சுது. அப்பறம் பாத்தா அதயே சரின்னு ஒட்டியிருக்காங்க."

சாக்கைக் கட்டி முடித்தாள். உனக்கு வருத்தம் இல்லையென்றால் எழுதிக் கொடுக்கிறேன், வருத்தம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று ஏதோ உளறினேன்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"குடுக்கறதுன்னா குடுங்க அண்ணி. நாந் தடுக்க மாட்டேன். ஆனா என்கிட்ட சம்மதம் கேக்காதீங்க. அது என்னால முடியாதுங்க."

தாரணியைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் மழையில் நின்று தார்ப்பாயை மடித்தேன்.

அவள் சொன்னது நியாயம். நான் அவளிடம் வாங்கப் பார்த்தது அந்தச் சம்மதத்தைத்தான்.

வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காலையில் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் கெஞ்சல், இரண்டாவதில் கோபம். கடைசியில் கேள்வி, விடை, காரணம், புத்தகப் பக்கத்தின் நகல், அவ்வளவுதான். கையெழுத்துப் போடும்போது பேனா வழுக்கியது. பூங்கோதை என்பதில் 'கோ'வுக்குக் கால் நீண்டுவிட்டது.

சங்கத்துச் செயலாளர் நல்ல மனுஷர். படித்துப் பார்த்தார். உட்காரச் சொன்னார். "ஏனுங்கம்மா, ரெண்டு பேரும் ஒரே ஊடுதானுங்களே. ஆருக்கு வந்தா என்னங்க?"

வேறு வேறு ஆளுங்க என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லத் தைரியம் வரவில்லை. சீல் போட்டு நகல் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இறங்கி மிச்ச தூரம் நடந்தேன். காப்பித் தோட்டத்துப் பக்கம் யாரோ வேலிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். மல்லிகாவுக்கு வேலை கிடைத்துவிட்டதாமே என்று சந்தோஷமாகக் கேட்டார்கள். இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

ஞாயிறு

நேற்று எழுத ஒன்றும் இல்லை. இன்றும் இல்லை. வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறோம்.

அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அரிசியைப் புடைத்துக்கொண்டே முறத்தைப் பார்த்துச் சொன்னார்: "மூத்தவ உட்டுக் குடுத்திருக்கலாம்." இவர் வெளியே எழுந்து போய்விட்டார்.

மல்லிகா எப்போதும் போல எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டாள். கொண்டுவந்து கையில் கொடுக்காமல் மேடையில் வைத்துவிட்டுப் போனாள். எடுத்துக் குடித்தேன். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

வாங்க வேண்டியது: உப்பு, தீப்பெட்டி, தாரணிக்கு ரப்பர்.

ஒருவேளை தள்ளுபடி செய்துவிட்டால்? மல்லிகா வேலைக்குப் போவாள். நான் எழுதிக் கொடுத்தது மட்டும் இந்த வீட்டில் தங்கும். அதை நினைத்தால் தள்ளுபடி ஆகக் கூடாது. ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்தால் தள்ளுபடியே ஆகட்டும். ஒரே நிமிஷத்தில் இரண்டையும் வேண்டுகிறேன். பொங்கல் பானை விளக்கி வைக்கவில்லை இன்னும்.

புதன்

பனி இல்லை. நல்ல வெயில், கண்ணைக் கூசுகிறது.

பட்டியல் மாற்றி ஒட்டிவிட்டார்கள். நான் தனியாகத்தான் போனேன்.

பதினேழாம் கேள்வியையே நீக்கிவிட்டார்கள். எனக்குக் கூடவில்லை, மல்லிகாவுக்கு மட்டும் ஒன்று குறைந்தது. இரண்டு பேருக்கும் சம மதிப்பெண். சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை என்று கீழே ஒரு வரி. அந்த வரி முதல் அறிவிப்பிலேயே இருந்ததாம். யார் அதைப் படித்தார்கள்.

தேர்வு: பூங்கோதை.

செயலாளரிடம் போய் the shorter சரியா தப்பா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சிரித்தார். அதுதான் எடுத்தாயிற்றே, இனி என்னத்துக்கு என்றார். விடை தயாரித்தவர் மலைக்குக் கீழே இருக்கிறாராம், அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று கமிட்டியில் முடிவாம்.

என் விடை சரி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பிறந்த தேதிக்காக வேலை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மல்லிகா அடுப்பில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டுவதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் கட்டி விழுந்துவிடும். "சரிங்க அண்ணி" என்றாள். அடுப்பைக் குறைத்துவிட்டு, "எப்பருந்து போகோணும்?" என்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து.

சனி

மல்லிகா போய்விட்டாள்.

சேந்தமங்கலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்கும் கணக்குக்கும் ஆள் தேடுகிறார்கள் என்று கூடப் படித்தவள் சொன்னாளாம். சம்பளம் குறைச்சல், தங்க இடம் உண்டு, குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. நேற்றுத்தான் சொன்னாள். இவர் வேண்டாம் என்றார், அத்தை அழுதார். நான் அந்த எழுத்தர் அறையை நீயே வைத்துக்கொள், அங்கேயே இரு என்றேன். உங்க வேலைல எனக்கு ரூம் வேண்டாங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

பஸ் வர நேரமாயிற்று. நின்றுகொண்டிருந்தோம். தாரணியை இந்தப் பள்ளிக்கூட வருஷம் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். கேட்கணுமா என்றேன்.

அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நானா இருந்தா நானும் குடுத்திருப்பேங்க. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான். ஆனா இப்பத்திக்கு உங்க மூஞ்சியப் பாக்க முடியலீங்க அண்ணி. கொஞ்ச நாள் போகட்டும்."

தலையை ஆட்டினேன். பஸ் வந்தது. தாரணி கையை ஆட்டினாள். மல்லிகா எங்கள் பக்க ஜன்னலில் உட்காரவில்லை, அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு அசட்டு நிம்மதி. பிறகு அதற்காக ஒரு பாட்டம் அழுகை. இவர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி டெம்போவைக் கழுவப் போனார்.

திங்கள்

குளிர். முதல் நாள். நீலப் புடவை இஸ்திரி ஆயிற்று. சோற்று டப்பா, பேனா இரண்டு, சான்றிதழ் நகல்கள், குடை.

சங்கத்தில் எல்லோரும் என்னை எப்படிப் பார்ப்பார்கள். தங்கச்சி முறைக்காரியின் வேலையைப் பிடுங்கியவள் என்று இருக்கும். இல்லை, யாருக்கும் ஞாபகமே இருக்காது. எது மோசம்?

அத்தை திருநீறு வைத்துவிட்டார். நெற்றியில் விரல் கொஞ்சம் அழுத்தமாகப் பட்டது.

தாரணியைக் கிளப்ப வேண்டும். பையனுக்குத் தலை சீவியிருக்கிறேன், ஜடை பின்னியதில்லை. ஒரு வழியாக இரண்டு பக்கமும் பின்னி ரிப்பன் கட்டினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பின்னலை இழுத்துப் பார்த்தாள்.

"அம்மா பின்னுனா இறுக்கமா இருக்கும் அத்தை."

பஸ் மேல் வளைவில் ஹார்ன் அடித்துவிட்டது. இவர் வாசலிலிருந்து கூப்பிடுகிறார். உட்காரு கண்ணு என்று சொல்லி, அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து இறுக்கமாகப் பின்ன ஆரம்பித்தேன்.