ஃபெரியில் முதலில் கேட்டது யார்?

என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, இனிமேல் எங்கே வரப்போகிறது? இருபத்தாறு வருஷம் ‘என்னங்க’ என்றால் திரும்பிப் பார்த்தீர்கள். நீங்கள் போய் இரண்டு வருஷமாகியும் சமையலறையிலிருந்து அப்படியேதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் வீட்டு விஷயத்தை எழுதுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கதை எழுதுவது ஒன்றுதான்.

முதலில் நல்ல செய்தி. அடுத்த மாதம் நம் ஷாலினிக்குக் கல்யாணம். ரெஜிஸ்டர் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை பெயர் பிரவின், பாயான் லெப்பாஸில் அவளோடு ஒரே ஃபேக்டரியில் இன்ஜினியர். உங்களுக்கு நேர் எதிர், உட்கார்ந்தால் எழுந்திருக்கிற வரைக்கும் பேச்சுதான். காலையில் கோயிலில் தாலி, சாயங்காலம் மண்டபத்தில் டின்னர். டின்னரில் பெண்ணைப் பெற்றவள் மைக் பிடித்துப் பேச வேண்டுமாம்.

“அஞ்சு நிமிஷம்தாம்மா. ஃபெரி கதைய மட்டும் சொல்லு, போதும்” என்றாள் ஷாலினி. அங்கேதான் என்னைச் சனி பிடித்தது.

ஃபெரி கதை உங்களுக்குத் தெரியாததா? படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு அப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் வேலை. இரண்டு கடை தள்ளி ஓர் அச்சகத்தில் நீங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தீர்கள். வேலை விட்டதும் இரண்டு பேரும் ஒரே ஃபெரியில் கடல் தாண்டி பட்டர்வொர்த் போவோம். இறங்கியதும் நீங்கள் புக்கிட் மெர்தாஜாம் பஸ், நான் கப்பளா பத்தாஸ் பஸ். ஒருநாள் கொட்டுகிற மழையில், மேல்தட்டில் நின்றுகொண்டு நீங்கள் கேட்டீர்கள்: “தினமும் ஒரே ஃபெரி, இறங்கினதும் வேற வேற பஸ். இனிமே ஒரே பஸ்ஸுல போகலாமா?” நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் முதல் நாவலின் கடைசி அத்தியாயம் இதுதான். எத்தனை வாசகர் கூட்டத்தில் பெருமையடித்திருக்கிறேன்! “இது கற்பனை இல்லீங்க, எங்க வீட்டுக்காரர் எங்கிட்ட கேட்டது” என்பேன். எல்லாரும் கை தட்டுவார்கள். முன்வரிசையில் நீங்கள் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். போன வருஷம் பிரவின் புது ஃபெரியில் அத்தனை பேருக்கு நடுவில் முட்டி போட்டு, இதே வரியைச் சொல்லித்தான் ஷாலினியைக் கேட்டிருக்கிறான்.

இப்போது அந்த வரியை டின்னர் கார்டில் போடுகிறார்கள். கார்டு எப்படி வரும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நடுவில் அந்த வரி, கீழே சின்ன எழுத்தில் ‘அப்பா அம்மாவிடம் கேட்டது’. நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். அப்போதுதான் சந்தேகம் தட்டியது. நீங்கள் இதைக் கேட்டீர்களா?

பக்கம் கண் முன்னால் தெரிகிறது. பத்தி எங்கே முடிகிறது என்பதுகூடத் தெரிகிறது. உங்கள் குரல் மட்டும் வரவில்லை. நீங்கள் சொன்னதை நான் நாவலில் எழுதினேனா, நாவலில் எழுதியதை எனக்கு நடந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனா?

சிரிக்காதீர்கள். என் பிழைப்பு அப்படி. போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவிடம், கல்யாணமான புதிதில் நீங்கள் கேமரன் மலையில் எனக்குக் குளிருமே என்று உங்கள் ஸ்வெட்டரைக் கழற்றித் தந்ததை உருகி உருகிச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் வந்த பிறகுதான் உறைத்தது. நாம் கேமரன் மலைக்குப் போனதே இல்லை. அது ஏழாவது நாவலின் கதாநாயகன்! உங்களுக்கு ஸ்வெட்டர் ஏது?

யாரிடம் கேட்பது? அங்கே இருந்தவர்கள் நாம் இரண்டே பேர். ஒருத்தி குழம்பிப்போய் நிற்கிறாள், இன்னொருவர் படத்தில் மாலையோடு இருக்கிறார். மனசு கேட்காமல் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய் அண்ணியைக் கேட்டேன். உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் நீங்கள் தும்மியதுகூட இல்லையே.

“அவனா? ஃபெரியில நின்னு டயலாக் பேசினானா? போ புள்ள! பசிக்குதுன்னு கேக்கவே அவனுக்கு வாய் வராது லா. தட்ட எடுத்துக்கிட்டு வந்து நிப்பான்” என்று சிரித்தார் அண்ணி. பிறகு ஏதோ நினைவு வந்தவராக, “ஆனா அந்த வருசம் பூரா தெனம் லேட்டாத்தான் வருவான். கேட்டா, பஸ்ஸு மாத்தி ஏறிட்டேன்பான். ஒருத்தன் தெனமுமா பஸ்ஸு மாத்தி ஏறுவான்? அம்மா வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு வாசல்ல நிக்கும்” என்றார். நான் வந்த விஷயம் நடக்கவில்லையே என்ற கவலையில் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஷாலினியிடம் மெல்லச் சொன்னேன். கார்டில் அந்தக் கீழ்வரி வேண்டாமே, எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை என்றேன்.

“தெரியலன்னா என்னம்மா அர்த்தம்? அப்போ அப்பா கேக்கலியா? நீயா எழுதினதா?”

“அதான்டி தெரியல.”

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. சோபாவில் உட்கார்ந்து, “அப்பா எங்கிட்ட அதிகம் பேசினதே இல்லம்மா. ஸ்கூலுக்கு ஏத்திக்கிட்டுப் போவாரு, இறக்கி விடுவாரு, அவ்ளோதான். அப்பா பேசினதுன்னு எங்கிட்ட இருக்கிறதே அந்த ஒரு வரிதான். அதுவும் இல்லன்னா நான் என்னா பண்றது?” என்றாள். இருபத்து மூன்று நாவலில் எத்தனை பெண்களை அழவைத்துத் தேற்றியிருக்கிறேன்! சொந்த மகளுக்கு ஒரு டம்ளர் காப்பிதான் கலக்கிக் கொடுக்க முடிந்தது.

மறுநாள் ஷாலினி வந்து, டின்னரில் திரையில் ஓட விடுவதற்குப் பழைய படங்கள் வேண்டும் என்றாள். கட்டிலுக்கடியில் இருந்த பிளாஸ்டிக் பெட்டியை இழுத்தேன். ஆல்பங்களுக்குக் கீழே என் முதல் நாவலின் நோட்டுகள். நான் கையால் எழுத, நீங்கள் தட்டச்சு செய்த நோட்டுகள். வாய் திறந்து ஒரு திருத்தம் சொன்னதில்லை நீங்கள், எல்லாம் ஓரத்தில் பென்சிலில்தான். ‘பன்னிரண்டாம் பக்கத்தில் இவன் சிகரெட்டை விட்டுவிட்டான். இங்கே எப்படிப் பிடிக்கிறான்?’ என்று இருக்கும். நான் பார்த்துத் திருத்திய பிறகுதான் அச்சுக்குப் போகும். கடைசி அத்தியாயம் ஒன்றைத்தான் நான் பார்க்கவில்லை. அந்த வாரம் ஷாலினி பிறந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீங்களே தட்டச்சு செய்து, நீங்களே அனுப்பிவிட்டீர்கள்.

அந்தக் கடைசி நோட்டைத் திறந்தேன். மழை, மேல்தட்டு, உங்கள் வரி. ஓரத்தில் உங்கள் பென்சில்: ‘மழை இல்லை. வெயில். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டது நீ. கதைக்கு இப்படியே இருக்கட்டும்.’

நானா?

ஐயோ கடவுளே, நானா? படித்துவிட்டு வாய்விட்டே கத்திவிட்டேன். ஷாலினி ஓடிவந்து என்னம்மா என்னம்மா என்கிறாள். நோட்டை நீட்டினேன். படித்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள். “அம்மா! நீயாம்மா? என்னய அவ்ளோ மிரட்டி வளத்துட்டு, நீயா போய் கேட்ட?” என்று வாயில் கை வைத்துக்கொண்டாள்.

எனக்கே தெரியவில்லை என்றால் நம்புவாளா? ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. அந்த நாவலை வாங்கிக்கொண்ட பதிப்பாளர் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்: ஆம்பளதான் முதல்ல கேக்கணும், பொண்ணு கேட்டா படிக்கிறவங்க முகம் சுளிப்பாங்க. இருபத்து மூன்று நாவலிலும் நான் அந்த விதியை மீறியதில்லை. அப்படியென்றால் என் வாயில் இருந்ததைப் பிடுங்கிக் கதாநாயகனுக்குக் கொடுத்தது நான்தானே? கொடுத்ததையும் மறந்துவிட்டேனே! சொந்தத் துணிச்சலைக் கூடவா ஒருத்தி தொலைப்பாள்?

உங்கள் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எத்தனை கூட்டத்தில் ‘அவர்தான் கேட்டார்’ என்று சொல்லியிருப்பேன்! ஒருநாள், வீட்டுக்கு வரும் வழியிலாவது, ‘ஏய், கேட்டது நீ’ என்று சொல்லியிருக்கக் கூடாதா? கல்லுளிமங்கன்! என் மானத்தைக் காப்பாற்றினீர்களா, இல்லை, நான் சொல்லக் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அப்படி நடந்ததாகவே ஆகிவிட்டதா? எதுவென்று நான் இனி யாரைக் கேட்பது?

சனிக்கிழமை மத்தியானம் ஷாலினி என்னை ஃபெரி ஏறும் ஜெட்டிக்கு அழைத்துப் போனாள், அங்கே போனால் நினைவு வருமாம். உங்கள் பழைய ஃபெரிகள் எல்லாம் போய்விட்டன. புதியதில் ஏசி இருக்கிறது, மோட்டார் சைக்கிள் ஏற்றுவார்கள், கார் ஏற்ற மாட்டார்கள். வரிசையில் நிற்கும்போது பக்கத்துக் கம்பியில் கை வைத்தேன். சுட்டது. சட்டென்று, அன்றைக்கும் மேல்தட்டில் கம்பி சுட்டதே என்று தோன்றியது. சுட்டால் வெயில்தானே? உங்கள் பென்சில் சரிதானே? அல்லது நீங்கள் வெயில் என்று எழுதியதைப் படித்ததால் எனக்குச் சுட்டதா? இதற்கு மேல் என் தலை தாங்காது.

பட்டர்வொர்த்தில் இறங்கி பஸ் நிற்கிற பக்கம் நடந்தோம். ஷாலினி என் கையைப் பிடித்துக்கொண்டு, “சரி, நீதான் கேட்ட. அப்பா என்னா பதில் சொன்னாரு?” என்றாள்.

வாயெடுத்துத் தெரியாது என்று சொல்லப் போனேன். சொல்லவில்லை. ஏனென்றால் தெரிந்தது.

அன்றைக்குக் கப்பளா பத்தாஸ் பஸ்ஸில் நீங்கள் என் பின்னாலேயே ஏறினீர்கள். “இது ஒங்க பஸ்ஸு இல்லியே” என்றேன். பின்னால் ஓர் அம்மாவின் கூடை உங்கள் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே நாலே வார்த்தை சொன்னீர்கள். ஒவ்வொரு வார்த்தையும், உங்கள் குரலோடு, அப்படியே காதில் இருக்கிறது. அதில் காதலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை, கதைக்கு உதவாது என்று எந்த நாவலிலும் நான் போடவில்லை. எழுதாமல் விட்டதால்தான் அது கெடாமல் இருக்கிறது போலிருக்கிறது. இத்தனை வருஷம் அதை நீங்கள் சும்மா சொன்ன பேச்சு என்றே நினைத்திருந்தேன். அது பதில் என்று இப்போதுதான் தெரிகிறது. அண்ணி சொன்ன ‘பஸ்ஸு மாத்தி ஏறிட்டேன்’ என்ன என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. அன்றிலிருந்து தினமும் என்னோடு எதிர்ப்பக்கம் வந்துவிட்டு, வீட்டில் வேறு திட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

ஷாலினியின் காதோடு சொன்னேன். அவள் அந்த பஸ் இரைச்சலுக்கு நடுவில் நின்று சிரித்தாள். பிறகு அழுதாள். “இது எனக்குத்தாம்மா. இது கார்டுக்கு வேணாம்” என்றாள். கார்டில் கீழ்வரியை மாற்றச் சொல்லிவிட்டாள்: ‘அம்மா அப்பாவிடம் கேட்டது’.

டின்னரில் மைக்கைப் பிடித்து அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் சொல்லப்போகிறேன், கேட்டது நான்தான் என்று. நினைவிருக்கிறதா என்று கேட்டால், இல்லை, அவர் எழுதி வைத்திருக்கிறார் என்பேன். அண்ணி அன்றைக்கு என்னை என்ன பாடு படுத்தப்போகிறாரோ!

ஆனால் உங்கள் அந்த நாலு வார்த்தையை மைக்கில் சொல்ல மாட்டேன். இருபத்து நாலாவது நாவலிலும் வராது. இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, பாருங்கள். உங்களிடமிருந்து எனக்கு நிச்சயமாக வந்தது அது ஒன்றுதான். அதை நான் எழுதவே மாட்டேன், சத்தியம்.

உங்கள் பஸ்ஸை விடவைத்த
உங்கள் வீட்டுக்காரி,
பிரவினுக்கு மாமியார் ஆகப்போகிறவள்