உங்களுக்கு ஒரு முழு வசனம்

என் அருமை அண்ணை,

நேற்றுத்தான் கப்பல் இறங்கிப் புத்தூருக்கு வந்து சேர்ந்தேன். நேரே கிணற்றடிக்குப் போனேன். தண்ணீர் இறைக்கும் துலா மரத்தின்மேல் உங்கள் இடத்தில் வேறொருவர் நடக்கிறார். உங்கள் மனைவி, என் மச்சாள், புகையிலைக் கன்றுகளைக் காட்டி, "உங்கடை அண்ணை பாத்த தோட்டம், தம்பி. விட மனமில்லை" என்றார். நான் 'ஓம்' என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஒற்றை 'ஓம்' உங்களுக்குப் பிடித்திராது. முழு வசனமில்லாத பதிலை நமது ஆங்கில வாத்தியார் ஏற்கமாட்டார். அந்தப் பயிற்சியை நாம் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இறைப்புக்கும் கொண்டுவந்தோம். துலாவில் கிணற்றை நோக்கி நடக்கும்போது நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு வசனத்தைத் தொடங்குவீர்கள். தண்ணீர் அள்ளும் ஓலைப்பட்டை நிறைந்து மேலே வந்து, தண்ணீர் வாய்க்காலில் விழுவதற்குள் கீழே நிற்கும் நான் அதை முடிக்கவேண்டும். தடுமாறினால் மேலேயிருந்து சிரிப்பு வரும்.

"உது வசனமே, தம்பி? தலை வந்திட்டுது, கால் எங்கை?"

மலாயாவில் தந்திக் கந்தோருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று இருவரும் பட்டணத்துக்குப் போனோமே. அந்த வேலைமேல் உங்களுக்கு எவ்வளவு ஆசை. பயணத்துக்கென்று தகரப்பெட்டிகூட வாங்கி வைத்திருந்தீர்கள். ஆள் எடுக்க வந்த வெள்ளைக்காரத் துரை உங்களிடம் தகப்பன் பெயரைக் கேட்டார். "என்னுடைய தகப்பனாரின் பெயர்" என்று நீங்கள் ஆங்கிலத்தில் அழகாகத் தொடங்கினீர்கள். பெயர் மட்டும் போதும் என்று அவர் நிமிராமலே வெட்டினார். அடுத்த கேள்விக்கும் நீங்கள் முழு வசனத்தையே மனதில் கூட்டிக்கொண்டு நிற்க, அவர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். பயத்தில் நான் 'எஸ் சேர், நோ சேர்' என்பதற்குமேல் வாய் திறக்கவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது.

திரும்பி வரும் வழியில் நீங்கள் கதைத்தது கொஞ்சம்தான். "அவைக்குப் பாதி போதுமாம். எனக்குப் பாதியிலை நிப்பாட்ட வராது." உங்கள் தகரப்பெட்டியோடு நான் கப்பல் ஏறினேன்.

அங்கே என் வேலை என்ன தெரியுமா, அண்ணை? நாள் முழுவதும் மனிதர்களின் வசனங்களை வெட்டிச் சுருக்குவது. உங்கள் சாவுச் செய்தியும் அப்படித்தான் வந்தது. என் கையாலேயே எழுதியெடுத்தேன். 'பிரதர் எக்ஸ்பயர்ட்.' என்ன நோய், கடைசியில் யாரைத் தேடினீர்கள், என்னைக் கேட்டீர்களா, ஒன்றும் அதில் இல்லை. வரமுடியாது என்று நானும் சுருக்கமாகவே பதில் அனுப்பினேன். வேறு எப்படி அனுப்பியிருக்கலாம்?

அதன்பிறகு யாராவது உங்களைப் பற்றிக் கேட்டால் 'நோ மோர்' என்று சொல்லிப் பழகிவிட்டேன். முழுதாக வாழவேண்டிய மனிதருக்கு இரண்டு சொல்.

இன்று காலை இறைப்பில் நானே பட்டையைப் பிடித்தேன். அது மேலே வருவதற்குள் ஆங்கிலத்தில் சொல்லிப்பார்த்தேன்: எனக்கு ஓர் அண்ணை இருந்தார், நான் போன இடத்துக்குப் போயிருக்கவேண்டியவர் அவர். தண்ணீர் விழுமுன் முடித்துவிட்டேன். துலாவில் நடந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலேயிருந்து சிரிப்பும் வரவில்லை.

இனி யார் கேட்டாலும் உங்களைப் பற்றி இதைத்தான் சொல்வேன், அண்ணை. அவர்கள் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் முழுவதையும் சொல்லித்தான் நிறுத்துவேன்.

கிணற்றடியில் நிற்கும்,
உங்கள் தம்பி