சித்தப்பாவின் கோணல் மூக்கு

அன்பு மகளே,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உனக்குச் சளி விட்டிருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. போனில் அவள் பாதி பேச்சும் பாதி அழுகையுமாகச் சொன்னது உனக்குப் புரிந்திருக்காது, அதனால் நடந்ததை நான் வரிசையாக எழுதுகிறேன்.

கட்டியோடு சேர்த்து மூக்கையும் எடுத்ததிலிருந்து உன் சித்தப்பா எப்படி இருந்தான் என்று உனக்குத் தெரியும். பஸ் ஓட்டுகிற வேலையை விட்டான், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பின்னறையிலேயே கிடந்தான், சாப்பாட்டைக்கூடத் தட்டோடு உள்ளே எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஆஸ்பத்திரியில் செயற்கை உறுப்பு செய்கிற ஒரு பெண்மணி முதலில் திரையில் காட்டிய மூக்கு, கம்ப்யூட்டர் தன் போக்கில் வரைந்தது. நேராக, எடுப்பாக, குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. சித்தி அதைப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு, ஆனா இவரு யாரோ மாதிரி இருக்காரே என்று அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவன், எனக்கு மூக்கே வேணாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

அப்புறம்தான் நீ பழைய போட்டோக்களை அனுப்பச் சொன்னாய். அம்மா பரணை உருட்ட, நான் அலமாரியை உருட்ட, கல்யாணப் படம், லைசென்ஸ் படம், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடுகிற படம் வரை வந்து சேர்ந்தது. படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம், படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இன்னொரு பக்கம் என்று இருந்தது, இப்போது இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டோம் என்று உன் வேலையைப் பற்றி நீ ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாய், நானும் ஆயிரம் தடவை தலையாட்டியிருக்கிறேன். நீ செய்து அனுப்பிய புரோகிராம் ஓடுவதை ஆஸ்பத்திரித் திரையில் பார்த்த அன்றுதான் அது என் மண்டையில் ஏறியது. உத்தேசமாக ஒரு மூக்கை வைத்துக்கொண்டு, கல்யாணப் படத்தில் விளக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமிருந்தே வெளிச்சம் விழுவதாக அவன் முகத்தை வரைந்தது. வரைந்ததை நிஜப் படத்தோடு ஒத்துப் பார்த்து, நிழல் சரியாக வராத இடத்தில் மூக்கைத் திருத்தி, மறுபடி வரைந்தது. ஒவ்வொரு படத்துக்கும் இதே பாடு. வரைகிறதும் அதுதான், உற்றுப் பார்த்துத் தன் தப்பைத் தானே பிடிக்கிறதும் அதுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எடுப்பான மூக்கு இடது பக்கம் சாய்ந்து, நடுவில் மேடு எழும்பி, என் தம்பி வந்துவிட்டான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், உன் அம்மா அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

மூக்கைப் பொருத்திய அன்று சித்தி அவன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்பத்தான் நீங்க என்று மட்டும் சொன்னாள். அவனோ கண்ணாடியைப் பார்த்து, இத்தனை பாடு பட்டும் அதே கோணல் மூக்குதானா, என் அண்ணன் மக கொஞ்சம் நிமித்தி அனுப்பியிருக்கக் கூடாதா என்றான். அவன் கிண்டல் பண்ணிக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. அன்று எங்களோடு மேசையில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

போன வாரம் தனியாகவே கடைத்தெருவுக்குப் போனான். பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருத்தர் அவனிடம் வழி கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். நேரா என் மூஞ்சியப் பாத்துக் கேட்டாருண்ணே, நானும் வழி சொல்லி அனுப்பினேன் என்று என்னிடம் ஒரு தரம், சித்தியிடம் ஒரு தரம், சாப்பிடும்போது எல்லோருக்குமாக ஒரு தரம் சொன்னான். நாங்களும் ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டோம்.

உன்னோடு சேர்ந்து இதைச் செய்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றியைச் சொல். எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. நாளெல்லாம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்காதே, எழுந்து நட. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, சித்தப்பாவுக்கு நீயே கூப்பிடு, வீடியோவில் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துப் பூரித்துப்போயிருக்கும்
அப்பா