கடல் மீனுக்குக் குழாய்த் தண்ணீர்

காஜா பேராங், மலாக்கா
12.10.1958

அன்பு மகன் ஜெயபாலனுக்கு அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, தங்கச்சி கோகிலா மூவரும் இங்கே சௌக்கியம், லண்டன் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். உன் மீன் இரண்டும் செத்து ஒரு மாதமாகிறது. அம்மா எழுதாதே என்றாள், எழுதாமல் எத்தனை நாள் மறைப்பது.

சிங்கப்பூரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாயே, விரல் நீளம்கூட இல்லாத குட்டி ஏஞ்சல் மீன், மனுஷன் தின்ன உதவாத அதற்கு ஒரு கண்ணாடி வீடு, காற்றடிக்க ஒரு மோட்டார். கப்பல் ஏறும்போது எல்லாவற்றையும் தங்கச்சி தலையில் கட்டிவிட்டுப் போனாய். அவளும் பள்ளிக்கூடம் போகுமுன் இறால் நறுக்கிப் போடுவாள், கண்ணாடி துடைப்பாள், தண்ணீர் நீ போட்ட சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் என்னிடம் வந்து நிற்பாள். நானும் கஸ்டம்ஸ் ஆபீசிலிருந்து வரும்போது சம்பான் படகுக்காரனிடம் சொல்லி ஒரு வாளி நல்ல கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொல்வேன். ஆகஸ்டில் தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்தது. மீன் தீனி தொடாமல் மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. அண்ணன் இதைப் பற்றி ஏதும் எழுதவில்லையா அப்பா என்று இரண்டு தடவை கேட்டாள், இல்லை என்றேன். ஒன்று செவ்வாய்க்கிழமை போயிற்று, மற்றது வெள்ளிக்கிழமை.

நான் விடுவேனா. இரண்டு மீனை உயிரோடு வைத்திருக்கத் துப்பில்லை, பரீட்சை எழுதி என்ன கிழிக்கப்போகிறாய் என்று அவளைக் கேட்டேன். செத்ததை அவள் கையாலேயே எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைக்கச் சொன்னேன், பொழுது சாயும்வரை இருக்கட்டும் என்றேன். நாறிற்று. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கெஞ்சினாள், நான் அசையவில்லை. திங்கட்கிழமையே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெயரை எடுத்துவிட்டேன். டிசம்பரில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை, மூன்று மாதம் பொறுங்கள், கெட்டிக்காரப் பெண் என்று டீச்சரம்மா கையெடுத்துக் கும்பிட்டார், முடியாது என்றேன். செமாபோக் ஊர்ப் பொன்னுதுரை தன் மகனுக்காக ஒரு வருஷமாகப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார், சரி என்று சொல்லி அனுப்பினேன். தை பத்தாம் தேதி முகூர்த்தம். கோகிலா புத்தகங்களைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டாள், தப்பு செய்தவள் வேறென்ன செய்வாள்.

இனி உள்ளதைச் சொல்கிறேன். ஜூலையில் நீ அவளுக்கென்று ஒரு தனித்தாள் எழுதி எனக்குப் போட்ட கடிதத்துக்குள் வைத்திருந்தாய். தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீர் ஊற்றாதே, ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும், ஒரு நாள் பிடித்துவைத்த குழாய்த் தண்ணீரை ஊற்று என்று. கடல் மீனுக்குக் குழாய்த் தண்ணீரா, வெள்ளைக்காரன் ஊருக்குப் போய்ப் பையனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரித்து மேசை லாச்சிக்குள் போட்டேன், அவளிடம் கொடுக்கவில்லை. போன வாரம் சயன்ஸ் வாத்தியார் தெய்வநாயகத்திடம் பேச்சுவாக்கில் கேட்டால், நீ எழுதியதையே அவரும் சொல்கிறார். வீட்டுக்கு வந்து தொட்டித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கருவாட்டுப் பானை மாதிரி கரித்தது.

அதற்கு இப்போது என்ன செய்யச் சொல்கிறாய். வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று, பள்ளிக்கூடத்து வாசலில் போய்த் தலைகுனிந்து நிற்க என்னால் ஆகாது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்பன் தப்பைப் பெண்பிள்ளையிடம் ஒத்துக்கொண்டால் நாளைக்கு இந்த வீட்டில் என்னை யார் மதிப்பார்கள். ஆண்பிள்ளை என்று உன்னிடம் சொன்னேன். அவள் காதுக்குப் போனால் நீ எனக்குப் பிள்ளையே இல்லை.

படிப்பு முடித்து நல்லபடியாக ஊர் திரும்ப முருகன் துணை இருப்பான், என் ஆசீர்வாதமும் அம்மா ஆசீர்வாதமும் உண்டு. மறந்துவிடாதே, இதோடு கோகிலா உனக்கு எழுதிய நான்கு பக்கம் இருக்கிறது, உன் மீனை நான்தான் கொன்றேன் என்று அழுது எழுதியிருக்கிறாள். மன்னித்துவிட்டேன் என்று இரண்டு வரி, கல்யாணத்துக்கு முன் வந்துசேரும்படி அவளுக்கு எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
மாணிக்கவாசகம்